‘ரெபெக்கா’வில் கதை சொல்லும் பெண்ணுக்குப் பெயர் ஏன் இல்லை?

கேள்வி, பிப்ரவரி 9

டாஃப்னி டு மோரியேவின் ‘ரெபெக்கா’வை இப்போதுதான் முடித்தேன். கதை சொல்கிறவளின் பெயர் கடைசிவரை வரவில்லை. பேயும் வரவில்லை. பிறகு எதற்காக இதைப் பேய்க்கதைகளோடு சேர்த்துச் சொல்கிறார்கள்? தான் யார் என்று தனக்கே சந்தேகம் வந்துவிட்ட பெண்களைப் பற்றிய திகில் நாவல்கள் வேறு இருந்தால் சொல்லுங்கள். ஆனால் எனக்குப் பேய் வேண்டும்.

பிப்ரவரி 9, இரவு

பேய் வந்ததே, கவனிக்கவில்லையா? தொலைபேசியில் வந்தது.

மாண்டர்லி மாளிகைக்கு வாழவந்த புதிதில், ஒரு காலை வேளையில், கணவன் மாக்ஸிமின் இறந்துபோன முதல் மனைவி ரெபெக்காவின் எழுதுமேசை முன்னால் கதை சொல்லும் பெண் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் தொலைபேசி அடிக்கிறது. மறுமுனையில் “மிசஸ் டி விண்டர்?” என்கிறார்கள். இவள் பதறிப்போய்ச் சொல்கிறாள்: தவறாகக் கூப்பிட்டுவிட்டீர்கள், மிசஸ் டி விண்டர் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வாயை விட்ட பிறகுதான் உறைக்கிறது, இப்போது மிசஸ் டி விண்டர் இவள்தான். கூப்பிட்டது வீட்டை நிர்வகிக்கும் மிசஸ் டான்வர்ஸ். அன்றைய சாப்பாட்டுப் பட்டியலுக்கு அம்மாவின் சம்மதம் கேட்க.

தன் சாவைத் தானே அறிவித்துவிட்டாள். இதற்கு மேல் வெள்ளைப் புடவையும் கொலுசும் வேண்டுமென்றால் நான் என்ன செய்ய?

பிப்ரவரி 10

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பெயர் தோன்றவில்லை, பிறகு பெயர் இல்லாமலே எழுதிப் பார்ப்பது ஒரு சவாலாகிவிட்டது என்று டு மோரியே பின்னாளில் காரணம் சொன்னார். அதை அப்படியே நம்பிவிட முடியவில்லை. நாவலின் தொடக்கத்திலேயே மாக்ஸிம் அவளிடம், உன் பெயர் அழகானது, அபூர்வமானது என்கிறான். ஆக, பெயர் உண்டு. நமக்குத்தான் சொல்லப்படவில்லை. இறந்துபோனவளின் பெயரோ புத்தகத்தின் அட்டையிலேயே இருக்கிறது. அவள் மாக்ஸிமுக்குக் கொடுத்த கவிதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் பெரிய ஆர் எழுத்தாக வருகிறது. இவள் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொளுத்துகிறாள்; கடைசியாக அழிவதும் அந்த ஆர் எழுத்துதான்.

டு மோரியேவின் கணவருக்கு முன்பு ஒரு பெண்ணோடு திருமணம் நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. அவளுடைய குடும்பப் பெயரும் ஆர் எழுத்தில் தொடங்கியது. கணவரின் படைப்பிரிவோடு எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் போய் உட்கார்ந்துகொண்டு, வெயிலையும் விருந்துகளையும் வெறுத்துக்கொண்டு இந்த நாவலைத் தொடங்கினார். 1938இல் வெளிவந்தது. மனைவியின் பொறாமைக்கு இவ்வளவு நல்ல பயனை வேறு யாரும் கண்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 11

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி புத்தகத்தை எடுத்தேன். எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகும் ஓர் இடம் இருக்கிறது. (படிக்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.)

ரெபெக்கா படகோடு காணாமல் போகிறாள். சில வாரங்கள் கழித்து வேறோர் ஊர்க் கரையில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்குகிறது. மாக்ஸிம் போய்ப் பார்த்து, இது என் மனைவிதான் என்று அடையாளம் காட்டுகிறான். குடும்பக் கல்லறையில் அடக்கம் நடக்கிறது. பிறகு மூழ்கிய படகு கிடைக்கிறது. அதற்குள் உண்மையான ரெபெக்கா கிடக்கிறாள். அவன் தெரிந்தேதான் பொய் சொல்லியிருக்கிறான் என்பது நமக்கு வெளியாகிறது. அதற்கப்புறம் கதை கொலை, விசாரணை, மிரட்டல் என்று ஓடுகிறது. நாமும் பின்னாலேயே ஓடுகிறோம்.

அப்படியானால் முதலில் அடக்கம் செய்யப்பட்டவள் யார்? கடைசிவரை தெரிவதில்லை. யாரோ ஒருத்தியின் மகளோ தங்கையோ, ரெபெக்காவின் பெயரில் பிரபுக்களின் நிலவறையில் கிடந்திருக்கிறாள். ஒரு கனவான் “இவள்தான்” என்றதும் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். கதை சொல்பவளுக்குப் பெயர் இல்லாததைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். இந்தப் புத்தகத்தில் பெயரில்லாதவர்கள் இரண்டு பேர்.

பிப்ரவரி 11, பின்னிரவு

திரைப்படத்தில் மாக்ஸிம் கொலை செய்யவில்லையே என்று கேட்டவருக்கு: 1940இல் ஹிட்ச்காக் எடுத்தபோது அமெரிக்கத் திரைப்படத் தணிக்கை விதிப்படி, மனைவியைக் கொன்ற கணவன் தண்டனையில்லாமல் போகக் கூடாது. அதனால் அவள் தடுக்கி விழுந்து இறந்ததாக மாற்றிவிட்டார்கள். நாவலில் துப்பாக்கிதான்.

பிப்ரவரி 13

‘சந்திரமுகி’யைச் சொல்லாமல் இந்த இழையை முடிக்க விடமாட்டீர்கள் என்று தெரியும். சரி, சொல்லியாயிற்று. கங்கா கட்டிலைத் தூக்கினால் அவள் யார் என்று மனநல மருத்துவர் விளக்கம் கொடுத்துவிடுகிறார். நான் சொல்லும் நாவல்களில் மருத்துவர் வந்தால்தான் பயமே ஆரம்பிக்கிறது.

பிப்ரவரி 14

அதற்கு உதாரணம் கேட்டிருக்கிறார்கள். வில்கி காலின்ஸின் ‘தி வுமன் இன் வைட்’. 1859 நவம்பரிலிருந்து 1860 ஆகஸ்ட் வரை டிக்கன்ஸின் வார இதழில் தொடராக வந்து, அந்தப் பெயரில் வாசனைத் திரவியம் விற்கும் அளவுக்குப் பித்துப் பிடிக்கவைத்த கதை. நம் ஊர் வாரப் பத்திரிகைத் தொடர்களுக்கெல்லாம் பாட்டன்.

லாரா பணக்காரி. அவளுடைய இருபதாயிரம் பவுண்டு, அவள் குழந்தையில்லாமல் இறந்தால் கணவனுக்குப் போகும் என்று கல்யாண ஒப்பந்தம். ஆன் கேதரிக் ஏழை, மனநல விடுதியிலிருந்து தப்பித்தவள், எப்போதும் வெள்ளை உடுத்துகிறவள், லாராவின் சாயல் கொண்டவள். ஆன் நோயில் இறக்கிறாள். அவளை லாரா என்ற பெயரில் புதைத்துவிட்டு, உயிரோடிருக்கும் லாராவை ஆன் என்று சொல்லி விடுதியில் அடைத்துவிடுகிறார்கள். கொலை இல்லை, ரத்தம் இல்லை. இரண்டு பெயர்களை இடம் மாற்றியதோடு வேலை முடிந்தது.

நான் வருடக்கணக்காகப் பத்திர எழுத்தர் ஒருவரிடம் வேலை பார்க்கிறவள். ஆகவே என் கண் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். லாராவை அடைப்பதற்கு முன்னால் ஒரு காட்சி: கணவன் ஒரு தோல்பத்திரத்தை மடித்து, அடிப்பாகம் மட்டும் தெரியும்படி மேசையில் வைத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று லாரா கேட்கிறாள். உனக்குப் புரியாது, நேரமில்லை, போடு என்கிறான். படிக்காமல் போடமாட்டேன் என்கிறாள். எங்கள் திண்ணையில் இந்தக் காட்சியைப் பார்க்காத வாரம் உண்டா? மடித்த தாளும் இருக்கும், “அண்ணன் சொல்றான்ல, போடும்மா” என்ற குரலும் இருக்கும். லாராவைப் போல மறுத்துவிட்டு எழுந்து போனவர்கள் மிகக் குறைவு.

விடுதியில் தாதி செய்வது இன்னும் கொடுமை. நான் லேடி கிளைட் என்று, தன் கல்யாணப் பெயரைச் சொல்லி, லாரா அழுகிறாள். தாதி அவள் உள்ளாடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறாள். எல்லாவற்றிலும் அழியாத மையில் ‘ஆன் கேதரிக்’ என்று குறித்திருக்கிறது. பார், உன் துணியில் உன் பெயர். லேடி கிளைட் செத்துப் புதைந்தாயிற்று, சும்மா தொந்தரவு செய்யாதே என்கிறாள். அவள் கெட்டவள்கூட இல்லை. எழுதியிருப்பதை நம்புகிறாள், அவ்வளவுதான். சொந்தச் சித்தப்பாவே பிறகு லாராவைப் பார்த்துவிட்டு, இவளை எனக்குத் தெரியாது என்கிறார்.

பேய் கேட்டவருக்காக: இடுகாட்டில் வெள்ளை ஆவியைப் பார்த்ததாகச் சொல்லித் தண்டனை வாங்கும் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் வருகிறான். அவன் பார்த்தது ஆன் கேதரிக்கை. லாரா தன் பெயர் பொறித்த கல்லறைக்குப் பக்கத்தில் முகத்திரையை விலக்கிக்கொண்டு நிற்கும் கட்டமும் உண்டு. அதை இரவில் படிக்காதீர்கள்.

பிப்ரவரி 16

“இப்படியெல்லாம் நடக்குமா, கதைக்காகச் சொல்வது” என்கிறார் ஒருவர். நடந்திருக்கிறது. காலின்ஸ் 1856இல் பாரிஸில் பழைய பிரெஞ்சு வழக்குகளின் தொகுப்பு ஒன்றை வாங்கினார். அதில் டூவோல் சீமாட்டியின் கதை இருந்தது. மயக்கமருந்து கொடுத்து, வேறு பெயரில் சால்பெட்ரியேர் விடுதியில் அடைத்து, செத்துவிட்டதாகச் சொல்லிச் சொத்தை எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்த பிறகும் தான் தான்தான் என்பதைச் சட்டப்படி நிலைநாட்ட அவரால் முடியவில்லை.

இங்கிலாந்திலேயே, தொடர் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பு, நாவலாசிரியரும் அமைச்சருமான புல்வர் லிட்டன் தன்னைத் தேர்தல் மேடையருகே வந்து திட்டிய மனைவி ரோஸினாவை மனநல விடுதியில் போட்டார். ஊர் கொந்தளித்ததால் சில வாரங்களில் விடவேண்டியதாயிற்று. அப்போதைய சட்டத்தில் அதற்குத் தேவைப்பட்டது நெருங்கியவர் ஒருவரின் உத்தரவும் இரண்டு மருத்துவர்களின் சான்றும். ஆக மொத்தம் மூன்று கையெழுத்து. எங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டா மாற்றத்துக்கே இதைவிட அதிகம் கேட்பார்கள்.

பிப்ரவரி 16, மாலை

ஒன்று விட்டுப்போயிற்று. ‘தி வுமன் இன் வைட்’ முடிச்சு முழுக்கத் தேதியில் நிற்கிறது. ‘லாரா’ இறந்ததாகப் பதிவான நாளுக்கு மறுநாள்தான் உண்மையான லாரா லண்டனுக்குக் கிளம்பினாள் என்று நிரூபித்துவிட்டால் வழக்கு ஜெயம். புத்தகம் வந்ததும் ‘தி டைம்ஸ்’ விமர்சகர் நாள்களைக் கூட்டிப் பார்த்து, கணக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் உதைக்கிறது என்று எழுதிவிட்டார்! காலின்ஸ் அடுத்த பதிப்பில் தேதிகளைத் திருத்தினார். இன்று நம் கையில் உள்ளது திருத்திய பிரதி. அந்த விமர்சகர் எங்கள் அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டியவர்.

பிப்ரவரி 18

நீங்கள் மட்டும் ஏன் தாள், கையெழுத்து என்று அதையே பிடித்துக்கொள்கிறீர்கள் என்று ஒரு அம்மாள் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

எனக்குக் கல்யாணமான புதிதில் குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தார்கள். திரும்பி வந்தபோது என் இனிஷியல் மாறியிருந்தது. அப்பாவின் எழுத்து போய், அவருடைய எழுத்து. யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். பள்ளிச் சான்றிதழில் ஒருத்தி, அட்டையில் ஒருத்தி. அப்பா காலமான பிறகு வாரிசுச் சான்றிதழுக்குப் போனபோது, இந்தப் பெயரில் அவருக்கு மகள் இல்லையே என்றார் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர். நான் அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருக்கிறேன். கோபம் வரவில்லை. வயிற்றில் ஏதோ சில்லென்று இறங்கியது. முத்திரைத்தாள் வாங்கி, மேற்படி இருவரும் ஒருவரே என்று நானே எனக்குப் பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டேன். நோட்டரி முத்திரை வைத்த பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தச் சில்லிப்பைத்தான் நான் இந்த நாவல்களில் தேடுகிறேன். அது ‘ரெபெக்கா’வில் தொலைபேசி அடிக்கும்போது கிடைக்கிறது. நீண்ட கூந்தலோடு கிணற்றிலிருந்து ஏறிவருகிறவளிடம் கிடைப்பதில்லை.

பிப்ரவரி 21

இப்போது என் கட்சிக்கே எதிராக ஒரு புத்தகம். ஷெர்லி ஜாக்சனின் ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’, 1959. இதில் யாரும் யார் பெயரையும் திருடவில்லை, யாரும் மோசடி செய்யவில்லை. ஆனால் நான் சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் என்னைத் தூங்கவிடாத நாவல்.

எலனோர் வான்ஸுக்கு முப்பத்திரண்டு வயது. நோயாளித் தாயைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டதில் அவள் வாழ்க்கை போய்விட்டது. இப்போது அக்கா வீட்டில் ஒரு கட்டில். அக்காவோடு கூட்டாக வாங்கிய ஒரு கார், அதையும் கேட்டால் தருவதில்லை. ஆவிகளை ஆராயும் டாக்டர் மாண்டேக் அழைத்த கடிதத்தை நம்பி, காரைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் வீட்டின் மேல் மூன்று நாள் கல்மழை பொழிந்ததாம், அதனால்தான் அழைப்பு. (மாரியம்மன் கோவில் பூசாரியிடம் போயிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும் என்கிறாள் என் தங்கை.)

அவர் ஆராய எடுத்துக்கொண்ட ஹில் ஹவுஸ் மாளிகையில் ஒருநாள் கூடத்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் பெரிய பெரிய எழுத்துகள்: எலனோருக்கு உதவு, வீட்டுக்கு வா. மற்றவர்கள் நடுங்குகிறார்கள். எலனோரும் நடுங்குகிறாள், என் பெயரை ஏன் எழுதியது என்று கத்துகிறாள். ஆனால் அவள் வாழ்நாளில் அவளை இத்தனை பெரிய எழுத்தில் கூப்பிட்டவர் வேறு யார்? அந்த அச்சத்துக்கு அடியில் ஒரு சின்னப் பெருமை நெளிகிறது. ஜாக்சன் அதைச் சொல்வதில்லை. நாமே உணரும்படி விட்டுவிடுகிறார்.

இருட்டில் ஓர் இரவு, தன்னைப் போலவே அழைப்பின் பேரில் வந்து, பக்கத்துக் கட்டிலிலிருக்கும் தியோடோராவின் கையை எலும்பு வலிக்கப் பற்றிக்கொண்டு, சுவருக்கு அப்பால் முனகும் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். விளக்கு எரிந்ததும் பார்த்தால் தியோடோரா தள்ளியிருக்கும் தன் கட்டிலில் தூக்கம் கலைந்து எழுகிறாள். அப்படியானால் நான் பிடித்திருந்தது யாருடைய கை? அத்தியாயம் அங்கேயே அறுந்துவிடுகிறது.

ஆகவே நான் 14ஆம் தேதி சொன்னதைச் சற்று நெகிழ்த்திக்கொள்கிறேன். லாராவிடமிருந்து பறிக்க ஏதோ இருந்தது. எலனோரிடம் பறிக்க ஒன்றுமே இல்லை. அதனால் ஒரு வீடு “வா” என்றதும் போய்விட்டாள். கடைசி நொடியில், காரை மரத்தை நோக்கி விட்டுக்கொண்டிருக்கும்போது, இதை ஏன் செய்கிறேன், ஏன் என்னைத் தடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்று தோன்றுகிறதே, அது யாருடைய எண்ணம்? அதுவரை பேசியது வீடா, அவளா? திரும்பத் திரும்பப் படித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

பிப்ரவரி 22

ஜாக்சனைப் பற்றி ஒரு துணுக்கு. பிரசவத்துக்காக மருத்துவமனைக்குப் போகிறார். பதிவு மேசையில் தொழில் என்ன என்று கேட்கிறார்கள். எழுத்தாளர் என்கிறார். இல்லத்தரசி என்று போட்டுக்கொள்கிறேன் என்கிறாள் அந்தப் பெண். இதை அவரே நகைச்சுவைக் கட்டுரையாக எழுதிக் காசாக்கிவிட்டார். அதே கை எலனோரையும் எழுதியது.

பிப்ரவரி 25

அவருடைய ‘தி பேர்ட்ஸ் நெஸ்ட்’ (1954) யாரும் படிப்பதில்லை. அருங்காட்சியகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எலிசபெத்துக்குக் கேவலமான மொட்டைக் கடிதங்கள் வருகின்றன. பத்திரமாகப் பெட்டியில் சேர்த்து வைக்கிறாள். எழுதுகிறவளும் அவளேதான், அவளுக்குள் இருக்கும் பெட்சி. உள்ளே மொத்தம் நான்கு பேர். பாஸ்டன் மருத்துவர் மார்ட்டன் பிரின்ஸ் பதிவு செய்த உண்மை நோயாளி ஒருத்தியின் கதையை ஜாக்சன் ஊன்றிப் படித்திருந்தார்.

நடுப்பகுதி இழுவை. ஆனால் முடிவைப் பாருங்கள்: குணமாகி, நால்வரும் ஒருத்தியாகி நிற்கிற பெண்ணுக்கு, சித்தியும் மருத்துவரும் தங்கள் இருவரின் பெயர்களையும் சேர்த்துப் புதுப்பெயர் சூட்டிக் குதூகலிக்கிறார்கள். மங்களமான முடிவு என்று சில விமர்சகர்கள் நினைத்தார்கள். எனக்கு என் குடும்ப அட்டை ஞாபகம் வந்தது.

மார்ச் 1

நம்மிடம் இல்லையா என்கிறார் மதுரைக்காரர். பழையனூர் நீலி இருக்கிறாளே. பேய் கைக்குழந்தையோடு சபைக்கு வந்து, இந்த வணிகன் என் புருஷன் என்கிறாள். அவன் ஐயோ இது பேய் என்று அலறுகிறான். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கித் தூக்கிவந்திருக்கிறாள். அது அவனை அப்பா என்கிறது. எழுபது வேளாளர் உட்கார்ந்து விசாரித்து, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று அவனை அவளோடு அனுப்பிவிட்டார்கள். விடிந்தால் பிணம். எழுபது பேரும் தீக்குளித்தார்கள். நாம் அவள் பேய் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு கேட்கிறோம், அதனால் வணிகன் பக்கம். அதையே அவள் வாயால், முற்பிறவியில் இவன் என்னைக் கொன்றான் என்பதிலிருந்து தொடங்கி யாராவது நாவலாக எழுதினால், முதல் பிரதி எனக்கு.

மார்ச் 4

அப்படி எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதப்பட்டதுதான் ஜீன் ரீஸின் ‘வைட் சர்காசோ சீ’ (1966). 1847இல் வந்த ‘ஜேன் அயர்’ நாவலில் மாடியறையில் அடைத்து வைக்கப்பட்டு, ராத்திரியில் சிரித்து, வீட்டைக் கொளுத்தும் பைத்தியக்கார மனைவி பெர்தாவின் இளமைக் கதை. கரீபியத் தீவுகளில் நடக்கிறது. அவளுடைய சொந்தப் பெயர் ஆன்டுவனெட். பெர்தா என்பது கணவன் வைத்தது. அவள் அவனிடம் நேராகவே சொல்கிறாள்: வேறு பெயரால் கூப்பிட்டு என்னை வேறொருத்தியாக்கப் பார்க்கிறாய், இதுவும் சூனியம்தான். இந்த நாவலில் தீவின் மாந்திரீகமும் உண்டு, மருந்தும் உண்டு. ஆனால் பலித்த ஒரே சூனியம் அவன் வைத்தது. இங்கிலாந்து மாடியறையில் கண்ணாடி இல்லை, இப்போது தான் எப்படி இருக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாது.

முதல் கேள்வி கேட்டவர் கவனிக்க: இந்தப் புத்தகத்தில் கணவனுக்குப் பெயரே கொடுக்கப்படவில்லை. ‘ஜேன் அயர்’ படித்த நமக்குத் தெரியும், அது ராச்செஸ்டர் என்று. ரீஸ் ஒரு தடவைகூட எழுதவில்லை.

மார்ச் 4, இரவு

ஜீன் ரீஸும் பிறந்தபோது ஜீன் ரீஸ் இல்லை. டொமினிக்கா தீவில் அவர் பெயர் ‘எலா க்வெண்டலின் ரீஸ் வில்லியம்ஸ்’. முப்பதுகளின் கடைசியில் வந்த நாவலுக்குப் பிறகு ஆள் சுவடில்லாமல் போனார். செத்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். 1949இல் ஒரு நடிகை பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தேடிப் பிடித்தார். அதே காலத்தில் அக்கம்பக்கத்தில், இறந்துபோன ஜீன் ரீஸ் என்ற எழுத்தாளராக இவர் வேஷம் போடுகிறார் என்று பேச்சு. ஒருவேளை அப்படித்தானோ என்று தனக்கே தோன்றியதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு பிரமாணப் பத்திரம் இலவசமாக எழுதித் தந்திருப்பேன்.

மார்ச் 12

காலின்ஸ் பிடித்திருந்தால் சாரா வாட்டர்ஸின் ‘ஃபிங்கர்ஸ்மித்’ (2002) கட்டாயம் என்று சொன்னவருக்கு நன்றியும் திட்டும். விக்டோரியா காலத்து லண்டன் திருடர்கள், ஒரு பணக்காரப் பெண், ஒரு மனநல விடுதி. ஆகா, நமக்குத் தெரிந்த கதைதானே என்று காலை நீட்டிக்கொண்டு படித்தேன். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் வண்டி விடுதி வாசலில் நிற்கும் வரை எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இத்தனை வருடம் பத்திரம் எழுதியும் என்ன பயன்? இரண்டாம் பாகம் போய்க்கொண்டிருக்கிறது. படித்து முடித்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.